வாயில் வெள்ளைத் திட்டு: புரோபோலிஸா, நிஸ்டாட்டினா, மாத்திரையா?

ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிற பலருக்கு இந்தக் காட்சி பழக்கமானது. காலையில் கண்ணாடி முன் நாக்கை நீட்டினால் திரிந்த பால் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள். துணியால் துடைத்தால் உரிந்து வரும், அடியில் செக்கச்செவேல் என்று சிவந்து எரியும். எனக்கு முதல் தடவை வந்தபோது, தொண்டைக் கரகரப்புக்கு என்று வாங்கி வைத்திருந்த புரோபோலிஸ் (தேனீக் கூட்டுப் பிசின்) சொட்டை எடுத்து நேராக நாக்கில் விட்டேன். தேனீ கொடுத்தது, இயற்கையானது, பூஞ்சைக்கு எதிரி என்று எங்கோ படித்ததும் ஞாபகம் இருந்தது, அப்புறம் என்ன யோசனை? அடுத்த நொடி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் குப்பியில் பாதிக்கு மேல் ஆல்கஹால் என்பதை எரிச்சல் அடங்கிய பிறகுதான் லேபிளில் பார்த்தேன்.

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். எனக்குப் புரிந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் திட்டை உண்டாக்கும் ஈஸ்ட் என்ற பூஞ்சையைப் புரோபோலிஸ் கொல்லும், அதில் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் கொல்லுவதற்கு வேண்டிய நேரம் அது வாயில் தங்குமா, நீங்கள் வாங்கும் குப்பியில் இருப்பது எந்தப் புரோபோலிஸ், உங்கள் வாயில் ஈஸ்ட் பெருகியதற்குக் காரணம் என்ன, இதையெல்லாம் பார்த்த பிறகுதான் எதை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்வோம். பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ் என்கிற ஈஸ்ட். அதன் உறவுக்காரர்களான கிளாப்ராட்டா, டிராபிகாலிஸ், குருசேய் ஆகியவையும் சில வாய்களில் உண்டு. 1995இல் டப்ளின் நகரத்தில் அடையாளம் கண்டு அந்த ஊர்ப் பெயரையே வைத்த டப்ளினியன்சிஸும் இந்தக் கூட்டம்தான். இவை வெளியிலிருந்து வந்த படையெடுப்பாளர்கள் அல்ல. ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் வாயில் கேண்டிடா சாதுவாக உட்கார்ந்திருக்கும். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுப் போட்டிக்கு இருந்த பாக்டீரியாக்கள் ஒழிந்தாலோ, உமிழ்நீர் வற்றினாலோ, சர்க்கரை ஏறினாலோ, இன்ஹேலர் மருந்து வாயில் படிந்தாலோ, பல்செட்டைக் கழற்றாமல் தூங்கினாலோ அதற்குக் கொண்டாட்டம். உருண்டையாக இருந்த செல் நூல்போல நீண்டு சவ்வுக்குள் இறங்கும், ஒன்றோடொன்று பின்னிப் படலமாக ஒட்டிக்கொள்ளும். இந்த நூலும் படலமும்தான் மருந்துக்குச் சவால். தனியாக மிதக்கும் செல்லைக் கொல்லும் அளவைவிடப் படலத்தில் இருப்பதைக் கொல்லப் பல மடங்கு மருந்து தேவைப்படும்.

இப்போது புரோபோலிஸ். தேன் வேறு, இது வேறு. மரமொட்டுகளிலும் பட்டையிலும் கசியும் பிசினைத் தேனீ சுரண்டி எடுத்து, மெழுகு கலந்து, கூட்டின் ஓட்டைகளை அடைக்கிறது, உள்ளே செத்துப்போன பெரிய பூச்சியையோ சுண்டெலியையோ நாறாமல் பூசி மூடுகிறது. சுமாராகப் பாதி பிசின், மூன்றில் ஒரு பங்கு மெழுகு, மீதி வாசனை எண்ணெய், மகரந்தம், இத்தியாதி. ஈஸ்டுக்கு எதிராக வேலை செய்வது பிசினில் உள்ள ஃபிளாவனாய்டுகளும் பினாலிக் அமிலங்களும்தான்.

பிசின் எந்த மரத்தினுடையது என்பதில்தான் சிக்கல். ஐரோப்பாவில் தேனீ பாப்லர் மரத்துக்குப் போகிறது, அதனால் அங்கே பினோசெம்பிரின், கேலங்கின், கிரைசின் போன்றவை கிடைக்கின்றன. பிரேசிலின் பச்சைப் புரோபோலிஸ் பக்காரிஸ் என்ற புதரிலிருந்து வருகிறது, அதன் முக்கியச் சரக்கு ஆர்டிபிலின் சி. பிரேசிலிலேயே சிவப்புப் புரோபோலிஸ் என்று இன்னொன்று, கடலோரச் சதுப்புப் பகுதியில் வளரும் டால்பெர்ஜியா செடியின் சிவந்த பிசின், அதன் வேதியியல் முற்றிலும் வேறு. மூன்றின் லேபிளிலும் ஒரே சொல்தான் இருக்கும். பூஞ்சை மருந்தான நிஸ்டாட்டின் என்றால் உலகில் எங்கே வாங்கினாலும் ஒரே மூலக்கூறு. புரோபோலிஸ் என்பது ஒரு குடும்பப் பெயர், வருகிற ஆள் யார் என்று கதவைத் திறந்தால்தான் தெரியும்.

ஆய்வுக்கூடத்தில் என்ன பார்த்திருக்கிறார்கள்? 2001இல் பிரேசிலில் வெளிவந்த ஓர் ஆய்வு பல கேண்டிடா வகைகளைப் புரோபோலிஸுக்கு எதிராக நிறுத்தியது. அல்பிகன்ஸ்தான் சீக்கிரம் பணிந்தது, பிறகு டிராபிகாலிஸ், பிறகு குருசேய், கடைசியில் குயிலியர்மாண்டி. இதில் குருசேயைக் கவனியுங்கள், ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரைக்குப் பிறவியிலேயே அடங்காதது அது. போலந்துப் புரோபோலிஸ் மாதிரிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஃப்ளூகோனசோலோடு சேர்த்தால் இரண்டும் தனித்தனியாகச் செய்வதைவிட அதிகமாக வேலை செய்கிறது என்று கண்டார்கள், செல்லின் சவ்வுதான் அதன் இலக்காகத் தெரிந்தது. நூல் விடுவதைத் தடுக்கிறது, படலம் உருவாவதைக் குறைக்கிறது என்றும் பல இடங்களிலிருந்து முடிவுகள் உண்டு. மருந்துக்கு அடங்காத ஈஸ்ட் பெருகிவரும் காலத்தில் இதெல்லாம் அசட்டையாகத் தள்ளிவிடக்கூடிய விஷயம் இல்லை.

ஆனாலும் இந்த மாதிரி முடிவுகளைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் நிதானிக்க வேண்டும். புரோபோலிஸ் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, ஆகவே பெரும்பாலும் எத்தனாலில்தான் (ஆல்கஹாலில்) சாறு இறக்குகிறார்கள், எத்தனாலே ஈஸ்டைக் கொல்லும். வெறும் எத்தனாலைத் தனியாக வைத்து ஒப்பிட்டிருக்கிறார்களா என்று பார்க்காமல் ஆய்வு தரும் எண்களை நம்பக் கூடாது. அடுத்தது, ஈஸ்ட் வளர்க்கும் தட்டில் நடுவே மருந்தை வைத்துச் சுற்றி எத்தனை மில்லிமீட்டர் வெறுமையானது என்று அளக்கும் பழைய முறை. அந்தத் தட்டிலுள்ள ஈரமான அகார் ஜெல்லியில் பிசின் நகரவே நகராது, ஆகவே இந்த முறையில் புரோபோலிஸ் உண்மையைவிடச் சோப்ளாங்கியாகத் தெரியும். ஒன்று அதைத் தூக்கிக் காட்டுகிறது, இன்னொன்று தாழ்த்திக் காட்டுகிறது.

நான் மிக முக்கியமாக நினைப்பது நேரம். ஆய்வுக்கூடத்துக் குழியில் ஈஸ்டும் மருந்தும் 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று ஒன்றாகவே கிடக்கின்றன. வாயில்? ஒரு நிமிடம் கொப்பளித்துத் துப்புகிறோம், அப்புறம் காபி குடிக்கிறோம். ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரந்து எல்லாவற்றையும் தொண்டைக்குள் அடித்துக்கொண்டு போகிறது. தட்டில் ஜெயித்த பொருள் வாயில் தோற்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். இந்தப் பிரச்சினை புரோபோலிஸுக்கு மட்டுமில்லை, வாயில் விடும் எல்லா மருந்துக்கும் உண்டு. ஆகவே ஒப்பிடும்போது “எது வீரியமானது” என்று கேட்பதைவிட “எது தங்கும்” என்று கேட்பது பயன்படும்.

நிஸ்டாட்டினை அந்தக் கண்ணோடு பாருங்கள். எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள், ஒருவர் நியூயார்க் நகரத்திலும் மற்றவர் ஆல்பனியிலும் இருந்துகொண்டு, மண் மாதிரிகளைத் தபாலில் அனுப்பி வாங்கி 1950இல் உலகுக்கு அறிவித்த மருந்து. நியூயார்க் ஸ்டேட் என்பதிலிருந்துதான் அந்தப் பெயர். ஈஸ்ட் சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருளைப் பிடித்துக்கொண்டு துளை போடும், செல் ஒழுகிச் சாகும். குடலில் உறிஞ்சப்படுவதே இல்லை என்று சொல்லலாம், ஆகவே வேறு மாத்திரைகளோடு சண்டை போடாது, முதியவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கொடுக்கிறார்கள். எதிர்ப்பு வளர்வதும் அரிது. குறை என்ன என்றால் அதே நேரப் பிரச்சினை. ஒரு மில்லிக்கு 1,00,000 யூனிட் உள்ள திரவத்தை 4 முதல் 6 மில்லி, நாளுக்கு 4 தடவை, 7 முதல் 14 நாள், ஒவ்வொரு தடவையும் வாய்க்குள்ளேயே முடிந்தவரை வைத்திருந்து பிறகு விழுங்க வேண்டும். கசப்பை மறைக்கப் பல தயாரிப்புகளில் சர்க்கரையைக் கொட்டியிருப்பார்கள், வாய் வறண்டவருக்கு அது பற்சொத்தைக்கு அழைப்பு. நான்காம் நாள் திட்டு மறைந்ததும் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள் (நானும் அந்தக் கட்சிதான், பத்து நாளில் திரும்பி வந்தது).

தங்குவதில் மைக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தின் ஜெல் ஒரு படி மேல். பிசுபிசுப்பாக இருப்பதால் ஒட்டி நிற்கிறது. ஈறின் மேல் ஒட்டும் மாத்திரையும் உண்டு, 50 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று. குளோட்ரிமசோல் சப்பும் மாத்திரையும் இந்த இனம்தான், ஆனால் நாளுக்கு 5 தடவை சப்ப வேண்டும், உமிழ்நீர் இல்லாத வாயில் அது கரையவே கரையாது. இலேசான நோய்க்கு, அமெரிக்கத் தொற்றுநோய் நிபுணர் சங்கம் 2016இல் கொடுத்த வழிகாட்டி இந்த இரண்டையும் முதலிலும் நிஸ்டாட்டினை மாற்றாகவும் வைக்கிறது. மைக்கோனசோலில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. வாயில்தானே தடவுகிறோம் என்று நினைப்போம், ஆனால் கொஞ்சம் உள்ளே போய், இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை உடலில் உடைவதைத் தடுத்துவிடும், இரத்தம் உறையாமல் போய் ஆபத்தான இரத்தக்கசிவு ஏற்பட்டதுண்டு. கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுகிறவர்களுக்கும் ஆகாது. இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறவர் பல் டாக்டரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டும். நான்கு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அந்த ஜெல்லின் பிசுபிசுப்பே தொண்டையை அடைத்துவிடக்கூடும்.

ஃப்ளூகோனசோல் மாத்திரை இந்த நேரச் சண்டையிலிருந்தே தப்பித்துவிடுகிறது. இரத்தம் வழியாகவும் உமிழ்நீர் வழியாகவும் வருவதால் கொப்பளிப்பின் கால அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். நாளுக்கு 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள், அதுவும் டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும். குணமாவதில் நிஸ்டாட்டினைவிடக் கை மேல். விழுங்கும்போது வலிக்கிறது, நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் சோறு சிக்குகிறது என்றால் ஈஸ்ட் உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம், அங்கே எந்தக் கொப்பளிப்பும் எட்டாது, மாத்திரைதான். பதிலுக்குக் கொடுக்கும் விலை: பல மருந்துகளோடு மோதும், கல்லீரல், இதயத் துடிப்பு இரண்டிலும் கவனம் வேண்டும், கிளாப்ராட்டா அரைமனதாகத்தான் அடங்கும், குருசேய் அடங்கவே அடங்காது. திரும்பத் திரும்ப எடுத்தால் அடங்காத ஈஸ்டை நாமே வளர்த்துவிட்ட மாதிரி ஆகும்.

குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் ஈஸ்டையும் கொஞ்சம் அடக்கும், பல்லில் ஒட்டியிருந்து மெதுவாக வேலை செய்வது அதன் பலம், பல்லைப் பழுப்பாக்குவதும் நாக்கில் ருசியைக் கெடுப்பதும் பலவீனம். நிஸ்டாட்டினோடு அடுத்தடுத்துக் கொப்பளித்தால் இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகி இரண்டுமே வீணாகும், அரை மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

சரி, இந்த வரிசையில் புரோபோலிஸை எங்கே உட்கார வைப்பது? மனிதர்களில் நன்றாகப் பார்த்திருப்பது ஒரே ஒரு நிலைமையில், பல்செட் போட்டவர்களின் மேலண்ணம் சிவந்து வீங்கும் நிலைமையில். பிரேசிலில் புரோபோலிஸ் ஜெல்லையும் மைக்கோனசோல் ஜெல்லையும் இரண்டு குழுவுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள், ஒன்றிரண்டு வாரத்தில் சிவப்பு குறைவதில் இரண்டும் ஏறக்குறைய சமம். நல்ல செய்திதான். ஆனால் குழுக்கள் சிறியவை, மொத்தமே 30, 40 பேர். இவ்வளவு குறைந்த பேரில் “வித்தியாசம் தெரியவில்லை” என்பதை “வித்தியாசமே இல்லை” என்று படித்துவிடக் கூடாது. பல்செட்டை நன்றாகத் தேய்த்து இரவில் கழற்றி வைத்தாலே இந்தச் சிவப்பு கணிசமாகக் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள். இன்னொன்று, அங்கே ஜெயித்தது ஜெல். பல்செட்டின் உள்பக்கம் தடவிப் போட்டுக்கொண்டால் மேலண்ணத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே அது மாட்டிக்கொள்கிறது, உமிழ்நீர் அடித்துப் போக முடியாது. தட்டில் கிடைக்கும் அந்த நீண்ட நேரம் வாயில் கிடைக்கிற ஒரே இடம் இது. நாக்கில் விடும் சொட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

இன்னும் ஒரு கணக்கு: அலர்ஜி. இயற்கை என்பதால் யாரும் இதைக் கேட்பதில்லை. புரோபோலிஸ் தோல் மருத்துவர்கள் நன்கு அறிந்த ஒவ்வாமைப் பொருள். அதிலுள்ள காஃபியிக் அமில எஸ்டர்கள்தான் பெரும்பாலும் காரணம், இவற்றில் ஒன்றான கேப் என்ற பொருளைத்தான் பூஞ்சைக்கு எதிரான வேலைக்கும் பாராட்டுகிறார்கள், ஆகவே நல்லதை வைத்துக்கொண்டு கெட்டதைப் பிரிப்பது அவ்வளவு சுலபமில்லை. தேனீ வளர்ப்பவர்களின் கையில் வரும் தடிப்புக்கு இது ஒரு பழைய காரணம். பெருவியன் பால்சம் என்ற வாசனை மரப்பிசின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். வாயில் வந்தால் உதடு வீங்கும், கன்னத்தின் உள்பக்கம் புண்ணாகும், பூஞ்சை முற்றிவிட்டது என்று நினைத்து இன்னும் இரண்டு சொட்டு கூட விடுவோம். மருந்தைத் தொடங்கிய பிறகு எரிச்சல் நாளுக்கு நாள் ஏறினால் முதலில் மருந்தையே சந்தேகப்படுங்கள்.

ஆக, நானாக இருந்தால் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்.

பல்செட் போட்ட பெரியவர், மேலண்ணம் சிவந்திருக்கிறது, வேறு பெரிய நோய் இல்லை என்றால் புரோபோலிஸ் ஜெல்லை முயன்று பார்ப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வார்ஃபரின் எடுப்பதால் மைக்கோனசோலைத் தொட முடியாதவராக இருந்தால் இன்னும் நியாயம். ஆனாலும் அங்கே நிஸ்டாட்டினும் இருக்கிறது, அதை முதலில் கேளுங்கள் என்பேன். எதைத் தடவினாலும் இரவில் செட்டைக் கழற்றுவதுதான் பாதி வைத்தியம். செட்டின் உள்பக்கத்துச் சொரசொரப்பில் ஈஸ்ட் படலமாகக் குடியிருக்கும், வாயை மட்டும் கழுவி அதை விட்டுவைத்தால் மறுநாள் காலை மறுபடி குடியேறிவிடும். கடைவாய் வெடித்திருந்தால் அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஈஸ்டோடு பாக்டீரியாவும் அங்கே கூட்டாக இருக்கும்.

இன்ஹேலர்காரர்கள், அதாவது என் இனம், மருந்தைத் தேடுவதற்கு முன் ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தி இழுக்கும் குழாய்) வாங்குங்கள், ஒவ்வொரு தடவையும் இழுத்த பிறகு கொப்பளித்துத் துப்புங்கள். இதை ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்த பிறகு எனக்கு மருந்து தேவைப்பட்டது ஒரே தடவைதான், அப்போது எடுத்தது நிஸ்டாட்டின், இந்த முறை முழு நாட்களும். இன்ஹேலரை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கைக்குழந்தைக்குப் புரோபோலிஸ் கூடவே கூடாது. ஆல்கஹால் ஒரு பக்கம், ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது என்பதற்குக் காரணமான பாட்டுலிசக் கிருமியின் வித்துகள் கூட்டிலிருந்து வரும் இன்னொரு பொருளிலும் இருக்கலாம் என்ற கவலை மறுபக்கம். பால் குடிக்கும் குழந்தை என்றால் தாயின் மார்புக் காம்பையும் டாக்டர் சேர்த்துப் பார்ப்பார்.

புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர், எச்ஐவி உள்ளவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், இவர்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. நேரே டாக்டர். காரணமே தெரியாமல் இளவயதில் திடீரென்று வாயெல்லாம் வெள்ளை வந்தாலும் அப்படித்தான், மருந்தைவிட இரத்தப் பரிசோதனைதான் அங்கே முதல் தேவை. துடைத்தால் உரியாத வெள்ளைத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் போகாத திட்டு, புகையிலைப் பழக்கம் உள்ளவர் வாயில் வரும் திட்டு, இவை பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு பிசின் தடவி நாளைக் கடத்தக்கூடாதவை, புற்றுநோயின் முன்னறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் புரோபோலிஸ்தான் என்றால், வாங்கும்போது ஆல்கஹால் இல்லாததா, சொட்டா ஜெல்லா, எந்த நாட்டு எந்தச் செடிப் பிசின், ஃபிளாவனாய்டு அளவு போட்டிருக்கிறதா, ஈயம் உள்ளதா என்று சோதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பிசின் காற்றிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் ஈயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சுபாவம் உடையது. முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு வாய்க்குக் கொண்டுபோங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு, சுரண்டி எடுத்து எந்த ஈஸ்ட் என்று பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டுக் குப்பி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, மூடியைச் சுற்றிப் பிசின் இறுகிப்போய் இப்போது திறக்கவே வரமாட்டேன் என்கிறது.